லாயமும் லயமும்: ஊவாத் தோட்டங்களில் நோய்க்காரணம் தேடிய வரலாறு

1

ஈழத்துப் பெருந்தோட்ட வரலாற்றை ஆராய்ந்தோர் காணி, மூலதனம், உழைப்பு ஆகியவற்றைப் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். தோட்டத்து மிருகங்கள் அவ்வாராய்ச்சிகளில் இடம்பெறுவது அரிது. பாரம் இழுத்த எருது வண்டிப் போக்குவரத்தைப் பற்றிய ஓரிரு பக்கங்களில் தலைகாட்டும். துரையைச் சுமந்த குதிரையோ துரைமாரின் நினைவுக்குறிப்புகளில் மட்டும் வாழும். ஆயினும் ஒரு சமுதாயம் தன் மிருகங்களின் நோயை எவ்வாறு விளங்கிக்கொண்டது, அந்நோயின் காரணத்தை எங்கே தேடியது, தேடும்போது யாரைக் குற்றஞ்சாட்டியது என்பவற்றை நோக்குவது, அச்சமுதாயத்தின் உற்பத்தி உறவுகளை அறிவதற்கு ஒரு வாயிலாகும். பதுளையையும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களையும் களமாகக் கொண்டு, குதிரை லாயத்தின் நோவுக்கும் தொழிலாளர் லயத்தின் நோவுக்கும் காரணம் தேடப்பட்ட முறைகளை இக்கட்டுரையில் ஒப்புநோக்க முனைகின்றோம்.

லாயம் என்பது குதிரை கட்டும் கொட்டிலைக் குறிக்கும் பழைய சொல். தோட்டத் தொழிலாளரின் குடியிருப்பைக் குறிக்கும் லயன் என்பது ‘வரிசை’ எனும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லின் தமிழ்வடிவம். அது நாளடைவில் லயம் என்றும் வழங்கலாயிற்று. ஒலியொப்புமை ஒன்றையே துணைக்கொண்டு சொற்பிறப்பு நாட்டுவது ஆய்வுமுறையாகாது. இவ்விரு சொற்களுக்கும் பிறப்பால் உறவில்லை. ஆனால் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான அறைகள் வரிசையாக அமைந்து, ஒவ்வோர் அறையிலும் ஒரு குடும்பம் முடங்கிய கட்டடத்தை நோக்கியவர்களுக்கு, ஒரு சொல்லைக் கேட்க மற்றச் சொல் நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. சொற்பிறப்பு கூறாத உறவைத் தோட்டத்தின் பொருளாதாரம் கூறும் என்பதே எமது கருத்து.

2

ஈழம் குதிரைக்குரிய நாடன்று. நெடுந்தீவிலே ஒல்லாந்தர் காலத்தில் குதிரைகள் வளர்க்கப்பட்டன. அவற்றின் வழிவந்தவை இன்றும் அத்தீவில் திரிகின்றன. மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கு வேண்டிய குதிரைகளுட் பல கடல்கடந்து, குறிப்பாக அவுஸ்திரேலியாவிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் வந்தன. ஊவாவில் அவற்றின் தேவை நீண்டகாலம் நிலைத்தது. புகையிரதம் பண்டாரவளையை 1894இல் அடைந்த போதிலும், பதுளைக்கு அது வந்துசேர்ந்தது 1924ஆம் ஆண்டிலேயே. அதுவரை மடுல்சீமை, பசறை, லுணுகலை போன்ற பகுதிகளில் ஒரு மலையிலிருந்து மறு மலைக்குச் செல்வதற்குத் துரைமார் குதிரையையே பெரிதும் நம்பியிருந்தனர். சம்பளத்தோடு குதிரைப்படி வழங்கும் வழக்கமும் தோட்டங்களில் இருந்தது.

குதிரையைப் பேணியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர். குதிரைக்காரனைக் குறிக்கச் சென்னை மாகாணத்திலும் இலங்கையிலும் வாழ்ந்த ஆங்கிலேயர் தமக்கெனத் தனிச்சொல் ஒன்றையே வழங்கினர். அவனுக்குத் துணையாகப் புல் அறுப்பவர் ஒருவர் இருப்பதுண்டு. பல சந்தர்ப்பங்களில் அவர் குதிரைக்காரனின் மனைவியாகவே இருந்தார். கொள்ளு அவித்தல், புல் கொணர்தல், உடம்பு தேய்த்தல், ஈரமான வைக்கோலை அகற்றுதல், இரவில் லாயத்தருகே படுத்திருத்தல் என்பன இவர்களது கடமைகள். லாயத்திற்கு அண்மையில் மாட்டுப்பட்டி இருப்பதும் வழக்கம். கோப்பிச் செடிக்கு எருவிடுவதற்காகத் தோட்டங்கள் மாடுகளை வளர்த்தன. பங்களாவிற்குப் பாலும் அங்கிருந்தே சென்றது. குதிரையும் மாடும் மனிதரும் சில யார் தூரத்திற்குள் வாழ்ந்தனர் என்பதை மனங்கொள்ளுதல் வேண்டும். பின்னர் நாம் கூறவிருக்கும் செய்திக்கு இது அடிப்படையானது.

குதிரை வாய்பேசாது. கொட்டிலில் அது காலால் தரையைக் கிளறும், திரும்பித் திரும்பித் தன் விலாவை நோக்கும், படுத்துப் புரளும், தீனியை முகர்ந்துவிட்டு விலகும், ஒரு காலைத் தரையில் ஊன்றாது நிற்கும். இவற்றை முதலிற் காண்பவன் இரவில் அதனருகே படுத்திருப்பவன். ஆயினும் காரணம் தேடப்படும்போது முதலில் ஐயத்திற்குள்ளாவதும் அவனே. அவன் கொள்ளைத் திருடிவிட்டான், நீர் காட்ட மறந்துவிட்டான், வியர்வையுடன் வந்த குதிரையைத் துடையாது கட்டிவிட்டான் என்பன காலனித்துவக் குதிரைப் பராமரிப்பு எழுத்துக்களில் ஓயாது கேட்கும் குரல்கள். கொள்ளு திருடப்பட்டதுண்டு என்பதை மறுப்பதற்கில்லை. மனிதன் உண்ணத்தக்க தானியத்தைக் குதிரைக்கு அளந்து கொடுக்கும் கையில் அரைவயிற்றுக் கூலியைக் கொடுத்த அமைப்பினைப் பற்றி அவ்வெழுத்துக்கள் கேள்வி எழுப்பவில்லை. நோயை அறியத்தக்க சாட்சியே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டமையால், அவனுடைய அறிவு ஏட்டில் ஏறவில்லை.

3

லாயத்தின் இழப்புக்குத் தனிமனிதன் ஒருவனைப் பொறுப்பாக்கும் வழக்கம் வெள்ளைத் துரைமாரோடு தொடங்கியதன்று. தமிழர் வரலாற்றில் இதற்கு நீண்ட முன்மரபு உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் பெருவிலைக்கு வாங்கப்பட்டதையும், ஆண்டு முடிவில் அவற்றுள் மிகச் சிலவே எஞ்சியதையும் குறிப்பிடுகின்றார். குதிரை வைத்தியர் அந்நாட்டிற்குச் செல்லாதவாறு வணிகர் தடுத்தனர் என்றும், குதிரைகள் மடிவதையே அவர்கள் விரும்பினர் என்றும் அவர் கூறுகின்றார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், வந்திறங்கிய குதிரைகளை நாற்பது நாள் முளையடித்துக் கயிற்றாற் கட்டிக் கொழுக்கவைத்தமையும், பின்னர் பயிற்சியின்றி அவற்றின்மீது ஏறிச் சென்றமையுமே அவை நலிவதற்குக் காரணம் என எழுதினார். இவை அயலார் கூற்றுக்கள், மிகையும் கலந்திருக்கலாம். எனினும் ஒன்று தெளிவு. குதிரையின் சாவு வணிக மூலதனத்திற்கு அடுத்த ஆண்டின் சந்தையாயிற்று. அறியாமை பேணிக் காக்கப்பட்டது. அதனால் ஆதாயம் இருந்தது.

இப்பின்னணியில் மாணிக்கவாசகர் பற்றிய ஐதிகத்தை மீண்டும் நோக்கலாம். குதிரை வாங்கக் கொண்டுசென்ற அரசனது பொருள் வேறுவழியிற் செலவாகிறது. நரிகள் பரிகளாகி மதுரைக்கு வருகின்றன. இரவில் அவை மீண்டும் நரிகளாகி, லாயத்தில் நின்ற பழைய குதிரைகளையும் கடித்துக் குதறி ஓடுகின்றன. அரசன் அமைச்சரைத் தண்டிக்கின்றான். பக்திநோக்கில் இது இறைவனின் திருவிளையாடல். சமுதாய வரலாற்று நோக்கில், பொன் கொடுத்து வாங்கிய குதிரை காரணம் விளங்காது லாயத்தில் மடிந்துபோகும் அனுபவம் நிலவிய ஒரு நாட்டிலே இத்தகைய கதை எளிதில் வேரூன்றியிருக்கும் என்று கொள்வதில் தவறில்லை. காரணம் அறியப்படாதவிடத்துத் தெய்வமும் தண்டனைக்குரிய மனிதனும் ஒருங்கே தோன்றுகின்றனர்.

4

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நிலை மாறியது. குதிரையின் நோவுக்குரிய காரணங்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. குதிரைகளின் கடும் வயிற்றுநோவுக்கு, குடலுக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடியிற் புழுக்கள் புகுந்து அதனை வீங்கச் செய்வதும் ஒரு காரணம் என்பதை 1870இல் பொலிங்கர் விளக்கினார். பஞ்சாபில் குதிரைகளையும் ஒட்டகங்களையும் அழித்துவந்த சர்ரா நோயுற்ற விலங்குகளின் குருதியில் நுண்ணுயிரொன்றை 1880இல் கிரிபித் எவன்ஸ் கண்டார். அவர் பிரித்தானிய இந்தியப் படையின் மிருக வைத்தியர். படைக்குதிரையும் பொதிசுமக்கும் ஒட்டகமும் இன்றிப் பேரரசின் எல்லைப்போர்கள் நடைபெறமாட்டா என்பதை நினைவிற் கொண்டால், அவ்வாராய்ச்சி நிகழ்ந்த இடமும் காலமும் தற்செயலானவை அல்ல என்பது புலனாகும்.

இலங்கைக்கு நேரடியாக உரிய எடுத்துக்காட்டு ‘கும்ரி’ எனும் நோயாகும். இடுப்பைக் குறிக்கும் பாரசீக-இந்துஸ்தானிச் சொல்லின் அடியாகப் பிறந்த பெயர் இது. குதிரை நன்றாகத் தீனி தின்னும், காய்ச்சலும் இராது. ஆயினும் பின்னங்கால்கள் தள்ளாடும். குளம்பு மடங்கித் தரையில் இழுபடும். திரும்பும்போது இடுப்பு ஒருபுறம் சாயும். முற்றினால் கொட்டிலில் விழுந்த குதிரை எழாது. ஈரம், குளிர்காற்று, சதுப்புநில நச்சாவி எனக் காரணங்கள் பலவாறு கற்பிக்கப்பட்டன. தரை மாற்றப்பட்டது, வைக்கோல் மாற்றப்பட்டது, சில வேளைகளில் குதிரைக்காரனும் மாற்றப்பட்டிருப்பான். நோய் மாறவில்லை.

இலங்கைக் குதிரைகளின் கும்ரியை ஆராய்ந்த இன்னஸ், பிள்ளை ஆகிய இருவரும் 1955இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். யப்பானில் ஆடுகளுக்கு ஏற்பட்ட இடுப்புவாதத்தைப் பற்றி ஷோஹோவும் இன்னசும் முன்னர் நடத்திய ஆய்வுகள் இதற்கு வழிகாட்டின. நோய்க்குக் காரணம் நூல்போன்ற ஒரு புழு. அது மாட்டின் வயிற்றறையில் வாழ்வது. மாட்டிற்குப் பெருந்தீங்கு செய்யாதது. மாட்டின் குருதியிலுள்ள அதன் நுண்குஞ்சுகளை நுளம்பு உறிஞ்சுகின்றது. சில நாட்களின் பின் அந்நுளம்பு குதிரையைக் கடிக்கின்றது. தனக்குரியதல்லாத உடலிற் புகுந்த புழு வழிதவறி முள்ளந்தண்டு நாணில் அலைந்து, சென்ற வழியெல்லாம் அதனைச் சிதைக்கின்றது. இறந்த குதிரையை அறுத்துப் பார்த்தாலும் அப்புழு எளிதில் கண்ணுக்குப் புலப்படாது; நாணை மெல்லிய சீவல்களாக வெட்டி வரிசையாக நுணுக்குக்காட்டியில் நோக்கினாலன்றி அதன் தடத்தைக் காண்பது அரிது.

ஆகவே காரணம் மறைந்திருந்தது உண்மை. ஆனால் அது மறைந்திருந்த இடம் லாயத்திற்கு வெளியே, அடுத்திருந்த மாட்டுப்பட்டியில். லாயத்தின் தரையையும் தீனியையும் காவலனையும் எத்தனை முறை சோதித்திருந்தாலும் அது அகப்பட்டிராது. மாட்டையும் குதிரையையும் நுளம்பையும், இவற்றை அருகருகே வைத்த வாழ்விட ஒழுங்கையும் ஒரே தொடர்பிற் பார்த்தபோதே அது வெளிப்பட்டது. பொருள்களைத் தனித்தனியே நோக்காது அவற்றின் உறவில் நோக்குதல் வேண்டும் என்ற இயங்கியல் முறைமைக்கு இதனைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

5

இனி லயத்தின் பக்கம் திரும்புவோம். அதற்கு முன் செடியைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். கோப்பியின் பெருவாழ்வை முடித்த இலைநோய் இலங்கையில் முதன்முதல் அவதானிக்கப்பட்டது ஊவாவின் மடுல்சீமையில், 1869இல். ஆபிரகாம் ஜோசப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ அச்சேறியதும் அதே ஆண்டு. கோப்பிச் செய்கையைப் பாடிய தமிழ் நூலும் கோப்பியின் சாவும் ஒரே ஆண்டிற் பிறந்தன. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கு அதே ஆண்டில் பூஞ்சணம் இனங்காணப்பட்டுப் பெயரும் பெற்றது. 1880இல் மார்ஷல் உவோட் எனும் தாவரவியலாளர் இலங்கைக்கு வந்து இரண்டு ஆண்டுகள் அந்நோயை ஆராய்ந்தார். இலைக்கு நோயென்றவுடன் விஞ்ஞானம் கடல்கடந்தும் அழைக்கப்பட்டது.

அதே மலைகளில் அதே காலத்தில் மனிதர்கள் வெளிறிப் போயினர். முகமும் காலும் வீங்கின. ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. பெரட்டுக்கு வரப் பிந்தினர். இந்நிலைக்குத் தோட்டம் வழங்கிய பெயர் சோம்பல். அரசு முற்றாகக் கண்மூடியிருந்தது எனக் கூறுவது நேர்மையாகாது. 1872இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டம் பிறந்தது. தோட்ட மாவட்டங்களில் வைத்தியசாலைகளும் எழுந்தன. 1912இல் மேலும் சட்டங்கள் வந்தன. ஆயினும் வெளிறலின் காரணம் உழைப்பாளியின் குணத்திலேயே நீண்டகாலம் தேடப்பட்டது.

காரணம் ஏற்கெனவே உலகிற்குத் தெரிந்திருந்தது. கொழுக்கிப்புழுவின் குஞ்சுகள் மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்துப் புகுகின்றன என்பதை 1898இல் கெய்ரோவில் லூஸ் கண்டறிந்தார். அமெரிக்காவில் 1902இல் ஸ்ரைல்ஸ் இப்புழுவைப் பற்றி அறிவித்தபோது, பத்திரிகைகள் அதனைச் சோம்பற் கிருமி என்று வருணித்தன. தென் மாநிலங்களின் ஏழை வெள்ளையரும் கறுப்பரும் இயல்பிலேயே சோம்பர் என்ற கூற்று அத்தோடு ஆட்டங்கண்டது. இலங்கையின் தோட்டங்களில் றொக்பெல்லர் நிறுவனத்தின் கொழுக்கிப்புழு ஒழிப்பியக்கம் 1916இல் தொடங்கியது. பரிசோதிக்கப்பட்ட தொழிலாளருள் மிகப் பெரும்பாலோரிடம் புழு காணப்பட்டது. மருந்து கொடுக்கப்பட்டது, புழு வெளியேறியது, பின்னர் மீண்டும் புகுந்தது. ஏனெனில் மண் மாறவில்லை. மண்ணைத் தூய்மையாக்க மலசலகூடம் வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். அப்பணத்தைச் செலவிடத் தோட்டமுதலாளிகள் பலர் தயங்கினர். லாயத்தில் நாம் கண்ட அதே உண்மை இங்கும் தோன்றுகின்றது: காரணம் நோயாளியின் உடலுக்கும் குணத்துக்கும் வெளியே, அவனைச் சூழ்ந்த மண்ணிலும் அம்மண்ணை ஆண்ட வரவுசெலவுக் கணக்கிலும் இருந்தது.

6

குதிரைக்குக் காரணம் தேடிய ஆர்வம் மனிதனிடம் ஏன் மந்தமாயிற்று? துரைமார் கொடியவர், குதிரைமீது மட்டும் அன்புடையவர் என்று விடைகூறுவது எளிது, அது விளக்கமாகாது. உழைக்கும் எருது உழைப்புக் கருவி என்ற வகையில் நிலையான மூலதனமாகும் என மார்க்ஸ் ‘மூலதனம்’ இரண்டாம் தொகுதியிற் குறிப்பிடுகின்றார். குதிரைக்கும் இதனைப் பொருத்திப் பார்க்கலாம். அது ரொக்கப் பணம் கொடுத்து வாங்கப்பட்டது; அது செத்தால் நட்டம் உடையவனைச் சாரும்.

தொழிலாளியின் நிலை வேறு. அவன் இந்தியாவிலிருந்து வந்த செலவு முற்பணம் என்ற பெயரில் அவன்மீதே கடனாக எழுதப்பட்டது. கங்காணி அக்கடனைக் கணக்கிட்டான். தோட்டம் மாறவேண்டுமாயின் கடன்தொகை எழுதிய துண்டு வேண்டும். அத்தொகையைப் புதிய தோட்டம் செலுத்த, கடன் தொழிலாளியின் தலையில் மேலும் ஏறியது. இத்துண்டுமுறை 1921ஆம் ஆண்டுவரை சட்டப்படி நிலவியது. குதிரையை வாங்க முதலாளி பணம் கொடுத்தான். தொழிலாளியோ தான் வாங்கப்பட்ட விலையைத் தானே செலுத்தினான். அவன் மாண்டால் அந்த இடத்தை நிரப்ப வருபவனும் தன் வரவுக்குத் தானே கடன்படுவான். ஒருவனை இழப்பதால் முதலாளிக்கு நேரும் நட்டம் இவ்வாறு குறைக்கப்பட்டவிடத்து, அவன் நோவின் காரணத்தைத் தேடும் உந்துதலும் குறைந்தமை வியப்பன்று. பாண்டிநாட்டுக் குதிரை வணிகரின் தருக்கம், வேறோர் உற்பத்தி முறையில், மனிதர்மீது மீண்டும் செயற்பட்டது எனலாம்.

இதனாற் குதிரையின் துன்பம் சிறிது என்பது பெறப்படாது. கடல்கடந்து கொணரப்பட்டு, ஈரமலையிற் கட்டப்பட்டு, பேசமுடியாத நோவோடு இருளில் நின்ற உயிர் அது. அதன் வேதனையை முதலில் உணர்ந்தவன், அதே இரவில் தன் பாதத்தின் வழியே புகுந்த புழுவால் வெளிறிக்கொண்டிருந்த குதிரைக்காரன். ஒருவர் நோவை ஒருவர் அறிந்த இவ்விருவருக்கும் ஏட்டில் இடமில்லை. மலையக நாட்டார் பாடல்களையும் வாய்மொழி நினைவுகளையும் திரட்டுவோர், கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் பற்றிக் கேட்பதோடு, லாயத்திலும் மாட்டுப்பட்டியிலும் உழைத்தவர்களின் அறிவைப் பற்றியும் கேட்க வேண்டும் என்பது எமது வேண்டுகோள்.

இன்று ஊவாவின் தோட்டங்களில் துரையின் குதிரை இல்லை. முதலில் மோட்டார் வாகனம் வந்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. லாயம் மறைந்தது; லயம் எஞ்சியது. பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயன்களை மூடியது. அச்சரிவு ஆபத்தானது, மக்கள் இடம்பெயர்க்கப்பட வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. கும்ரியின் புழுவைக் காண முள்ளந்தண்டைச் சீவிப் பார்க்க வேண்டியிருந்தது. மீரியபெத்தையின் காரணத்தைக் காண நுணுக்குக்காட்டி வேண்டியிருக்கவில்லை; அது ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னரே எழுதிவைக்கப்பட்டிருந்தது. மறைந்த காரணங்களைத் தேடும் பணி விஞ்ஞானத்தினுடையது. அறிந்த காரணத்தின்மீது ஒரு சமுதாயம் ஏன் செயற்படுவதில்லை என்ற வினாவுக்கு விடைகாணும் பணி வரலாற்று மாணவரான எம்முடையது.